புதுப்பித்த ஜி12, கூடவே 14 சாமான்: வாங்கலாமா?

கேள்வி (சேலம் வாசகர்), 12 நவம்பர் 2023

கேனான் பவர்ஷாட் ஜி12 கேமரா. 'புதுப்பிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். 14,500 ரூபாய். கூடவே 14 துணைப்பொருள்கள்: இரண்டு பேட்டரி, சார்ஜர், குழாய் மாதிரி ஓர் அடாப்டர், மூன்று ஃபில்டர், அகலக் காட்சி லென்ஸ், தொலைக் காட்சி லென்ஸ், குட்டி முக்காலி, மெமரி கார்டு, கார்டு ரீடர், பை, திரைக்கு ஒட்டும் தாள். வேறொரு கடையில் கேமராவும் அதன் சார்ஜரும் மட்டும் 11,000. பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து மே மாதம் ஓய்வு பெறுகிறேன். கோயில் சிற்பங்களும் ஏரிப் பறவைகளும் எடுக்க ஆசை. 3,500 ரூபாய்க்கு 14 சாமான் என்றால் லாபம்தானே?

12 நவம்பர், இரவு

கேமராவை வாங்கலாம். 14 சாமானை வாங்காதீர்கள். ஏறக்குறைய இதே பொட்டலத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கியவன் நான். மீதி நாளைக்கு. மழை, மின்சாரம் போய்விட்டது, ஃபோனில் 9 சதவீதம்தான் இருக்கிறது.

13 நவம்பர்

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். 'புதுப்பிக்கப்பட்டது' என்பதற்கு ஆளுக்கொரு பொருள். அமெரிக்காவில் கேனான் நிறுவனமே திரும்பி வந்த கேமராக்களைச் சோதித்து உத்தரவாதத்தோடு விற்கிறது. அது ஒரு வகை. லென்ஸைத் துடைத்து, கழன்று வரும் ரப்பர் பிடியைப் பசை போட்டு ஒட்டி, மெனுவில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அதே சொல்லைப் போட்டுக்கொள்வது இன்னொரு வகை. ஜி12 2010 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கேமரா. அதன் அன்றைய அமெரிக்க விலை 500 டாலர். பதின்மூன்று வயதான இதை இன்று உங்களுக்கு விற்பவர் இரண்டாம் வகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் குற்றமில்லை. எதைத் திறந்தார், எதை மாற்றினார், எத்தனை நாளைக்குள் திருப்பித் தரலாம் என்று கேளுங்கள். பில்லில் கேமராவின் சீரியல் எண் இருக்க வேண்டும். எண் எழுத மறுத்தால் அடுத்த கடை.

எனக்கு வந்ததில் எடுத்த முதல் படத்தின் எண் 0001. யாரும் பயன்படுத்தாத கேமரா கிடைத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். இரண்டு நாள் கழித்துத்தான் மெனுவைப் பார்த்தேன். கோப்பு எண் 'தொடர்ச்சி' என்றில்லாமல் கார்டு மாறும்போதெல்லாம் தொடக்கத்துக்குப் போகும்படி வைத்திருந்தார்கள். 9999 தாண்டினாலும் மறுபடி 0001தான். அந்த எண்ணை நம்பி விலை பேசாதீர்கள்.

நம்ப வேண்டியவை வேறு. ஜூமைப் பத்து முறை நீட்டிச் சுருக்குங்கள். நறநறவென்று ஒலித்தால் உள்ளே மணல் போயிருக்கிறது. லென்ஸை முழுதாக நீட்டி, ஃபோன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். இந்த வகைக் கேமராவில் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் காட்ட வழியில்லை, சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. ஒன்றிரண்டு தூசி கிடந்தால் கவலை வேண்டாம். செய்தித்தாள் பக்கத்தைச் சுவரில் விறைப்பாக ஒட்டி நேராக நின்று எடுங்கள். நான்கு மூலை எழுத்தும் ஒரே மாதிரி கூர்மையாக வர வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கோ அடிபட்டிருக்கிறது. கடைசியாக லென்ஸ் துவாரத்தை எஃப் 8, அதாவது மிகச் சிறியதாக, வைத்து வெறும் வானத்தை ஒரு படம். படத்தைப் பதியும் சென்சாரில் அழுக்கு இருந்தால் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும்.

14 நவம்பர்

இனி அந்த 14.

பேட்டரி ஒன்றும் சார்ஜரும் ஜி12 புதிதாக விற்ற நாளிலேயே பெட்டிக்குள் வந்தவை. அவற்றையும் துணைப்பொருள் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். ஆக 12. நல்லவேளை கழுத்துப் பட்டையைச் சேர்க்கவில்லை.

திரைக்கு ஒட்டும் தாள் எதற்கு? இதன் திரை கதவு மாதிரித் திறந்து திரும்பும். மூடும்போது முகத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்தால் கீறவே வழியில்லை. ஆக 11.

மூன்று ஃபில்டர்களில் ஒன்று வெளிச்சத்தைக் குறைக்கும் சாம்பல் கண்ணாடி. ஜி12-க்கு உள்ளேயே அப்படி ஒன்று இருக்கிறது. மெனுவில் போட்டால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். வயிற்றுக்குள் இருப்பதை வெளியே மாட்டச் சொல்கிறார்கள். இன்னொன்று புற ஊதா ஃபில்டர். டிஜிட்டல் கேமராவில் அதற்கு லென்ஸைக் காப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. மலிவுக் கண்ணாடியாக இருந்தால் கெடுதலும் செய்யும். எங்கள் ஊர்ப் பனிமய மாதா கோயில் திருவிழா விளக்குகளை அதை மாட்டிக்கொண்டு எடுத்தேன். ஒவ்வொரு விளக்குக்கும் எதிர் மூலையில் ஒரு பச்சைப் பிசாசு, கண்ணாடியில் எதிரொளித்த அதே விளக்கு. மூன்றாவது பளபளப்பைக் குறைக்கும் போலரைசர், அதுவும் குப்பை.

அகலக் காட்சி லென்ஸ் 0.43 மடங்காம். மாட்டிப் பார்த்தேன், கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது போல நான்கு மூலையும் கறுப்பு. தொலை லென்ஸில் படத்தின் நடுவே ஒரு ரூபாய் நாணய அளவுக்குத்தான் கூர்மை. கேனான் இந்த வரிசைக் கேமராக்களுக்கென்று 1.4 மடங்குத் தொலை லென்ஸ் ஒன்று செய்தது. அதன் சங்கதி வேறு, பொட்டலத்தில் வருவது அதுவல்ல.

மெமரி கார்டில் 32 ஜிபி என்று அச்சிட்டிருந்தது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதும் எழுதி மறுபடி படித்துப் பார்க்கும். போட்டேன். உண்மையில் 8 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் எழுதியது எல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம். நல்லவேளை அதற்குள் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

குழாய் அடாப்டர் பற்றி ஒரு முக்கிய எச்சரிக்கை. அதை மாட்ட லென்ஸைச் சுற்றியிருக்கும் அலங்கார வளையத்தைப் பொத்தானை அமுக்கித் திருகிக் கழற்ற வேண்டும். கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள். மாட்டிய பிறகு குழாய், கண் வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னலான வ்யூஃபைண்டரைப் பாதி மறைக்கும், ஃபிளாஷ் வெளிச்சத்தில் தன் நிழலை விழ வைக்கும். அந்த வ்யூஃபைண்டர் வெறுமனே இருந்தாலே படத்தில் சுமார் 77 சதவீதத்தைத்தான் காட்டும்.

பை நன்றாக இருந்தது. இப்போது அதில் கொசுமட்டை சார்ஜர் இருக்கிறது.

15 நவம்பர்

பறவையை விட்டுவிட்டேன். ஜி12-இன் லென்ஸ் பழைய ஃபிலிம் கணக்கில் 28-இலிருந்து 140 மில்லிமீட்டர். ஏரிக் கரையில் நின்று 140-இல் எடுத்தால் கொக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. பறவைதான் முக்கியம் என்றால் இந்தக் கேமராவே வேண்டாம். சிற்பம் என்றால் இது தோதானது. தாரமங்கலம் உங்களுக்குப் பக்கம்தானே? மண்டபத்து விதான வேலைப்பாட்டைக் கழுத்து ஒடியாமல் எடுக்கத் திரும்பும் திரை போல எதுவும் கிடையாது. கேமராவை இடுப்பளவில் பிடித்து, திரையைக் கிணற்றைப் பார்ப்பது போலக் குனிந்து பார்க்கலாம்.

15 நவம்பர், சற்று நேரம் கழித்து

ஆனால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். கோயில்களில் கைப்பேசியைத் தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டதிலிருந்து வாசலில் கேமராவைப் பார்த்தாலும் முறைக்கிறார்கள். தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் போலத் தொல்லியல் துறை பார்க்கும் இடங்களில் கையில் பிடித்து எடுக்கலாம். முக்காலிக்கு அனுமதி வேண்டும். ஆக உங்கள் குட்டி முக்காலிக்கு அங்கும் வேலை இல்லை. தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி, எட்டில் ஒரு விநாடி வரை எடுத்திருக்கிறேன். சென்சாரின் ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ எண்ணில் 400-க்கு மேல் போக எனக்கு மனம் வராது. 3200 என்று அதன் குமிழியில் பொறித்திருக்கிறது, அது அலங்காரம்.

19 நவம்பர்

'இதற்குப் பதில் சோனி ஆர்எக்ஸ்100 வாங்கச் சொல்லுங்கள், 2012 மாடல்கூடப் போதும்' என்று ஒருவர். சென்சார் அளவில் நியாயம் அவர் பக்கம்: அது 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், ஜி12 சுமார் 7.4-க்கு 5.6. பரப்பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இருட்டில் அது வெல்லும், சட்டைப் பையிலும் அடங்கும். ஆனால் அந்த முதல் மாடலில் திரும்பும் திரையும் இல்லை, வ்யூஃபைண்டரும் இல்லை. எனக்கு வேண்டிய குமிழியும் இல்லை.

என்ன குமிழி என்றால், ஜி12-இன் இடது தோளில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் தனியாக ஒன்று இருக்கிறது. நான் இருப்பது தூத்துக்குடியில். உப்பளத்தில் எடுப்பவனுக்குத்தான் அந்தக் குமிழியின் அருமை தெரியும். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். உப்புக் குவியலைக் காட்டினால் சிமெண்டு குவியலாக்கிக் கொடுக்கும். ஃபோன்கள் இப்போது சாமர்த்தியமாகிவிட்டன, ஆனால் உப்பு வாரும் அக்காவின் முகத்தையும் வெளுத்துவிடுகின்றன. குமிழியை ஒன்று, அல்லது அதற்கு மேல் ஒரு கோடு கூட்டி வைத்தால் உப்பு உப்பாக வரும். காலை ஆறரைக்கு ஒன்று, எட்டு மணிக்கு இன்னும் ஒரு கோடு, பத்து மணிக்குமேல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மெனுவுக்குள் புகாமல், கேமராவை அணைத்து வைத்திருக்கும்போதே விரலால் திருப்பி வைத்துக்கொள்ளலாம். இதற்காகத்தான் இந்தப் பழைய செங்கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். எடை 400 கிராம்.

2 டிசம்பர்

சேலத்துக்காரர் 11,000-க்கு வாங்கிவிட்டார். சார்ஜர் தட்டைப் பின் உடையது, அமெரிக்காவிலிருந்து வந்த கேமராவாம், நம் மின்சாரத்தில் எரிந்துவிடுமா என்று கேட்கிறார். எரியாது. சார்ஜர் முதுகில் பாருங்கள், 100-இலிருந்து 240 வோல்ட் என்று போட்டிருக்கும். பின் மாற்றி ஒன்று முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும்.

9 டிசம்பர்

அவசரமாக எழுதுகிறேன், சார், கேமராவைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். திரையில் சூரியனிலிருந்து மேலும் கீழும் ஊதாக் கோடு விழுகிறதே, அது பழுது அல்ல. சிசிடி வகைச் சென்சாரின் குணம். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் பட்டால் அந்த வரிசை முழுவதும் மின்னூட்டம் வழிந்து கோடாகத் தெரியும். திரையிலும் வீடியோவிலும் தெரியும்; எடுத்த படத்தில் இருக்காது, ஏனென்றால் படம் பதிந்ததும் ஷட்டர் மூடி வெளிச்சத்தை நிறுத்திவிடுகிறது. எடுத்துப் பாருங்கள்.

எனக்கும் இதே பயம் வந்தது. எனக்கு விற்றவருக்குக் கடுமையாக ஒரு கடிதமே எழுதினேன். அவர் 'வணக்கம், சூரியனை எடுக்காதீர்கள்' என்று ஒரே வரியில் பதில் போட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி.

வீடியோ எடுக்கும்போது ஜூம் நகரவில்லை என்பதும் பழுது அல்ல. ஜி12 அப்படித்தான் பிறந்தது.

7 ஜனவரி 2024

கல்லூரி மாணவி ஒருவர்: 'சிசிடி கேமராவில் வண்ணம் தனி அழகு என்கிறார்களே, உண்மையா?' இதனால்தான் பழைய கேமராக்களின் விலை ஏறிக் கிடக்கிறது. நானும் ஒரு காலத்தில் மேடை போட்டுச் சொன்னவன்தான். போன வாரம் உப்பளத்தில் ஒரே இடத்தில் நின்று ஜி12-இலும் மருமகனின் புதுக் கேமராவிலும் எடுத்து, இரண்டின் மூலக் கோப்பையும் (கேமரா கைவைக்காத படம்) கணினியில் ஒரே வெள்ளைச் சமனுக்குக் கொண்டுவந்து, பெயரை மறைத்துவிட்டு என் மனைவியிடம் எது ஜி12 என்று கேட்டேன். பத்துக்கு ஐந்து. நான் பார்த்தபோது பத்துக்கு நான்கு. எடுத்தவனே நான்.

பழைய கேமரா தானே சமைத்துக் கொடுக்கும் ஜேபெக் படத்தில் ஒரு சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. அது சமையல்காரரின் கை. அடுப்பின் பெருமை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

21 ஜனவரி

ஒரு திருத்தம். முன்பு வேறொருவருக்குப் பேட்டரி விஷயத்தில் 'கம்பெனி பேட்டரி தவிர வேறு எதையும் தொடாதீர்கள்' என்று சொல்லியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜி12-க்கு உரிய பேட்டரி என்பி-7எல். கம்பெனி பேட்டரியில் 1050 மில்லி ஆம்பியர் மணி என்று இருக்கும். திரையைப் பார்த்து எடுத்தால் சுமார் 370 படம் என்பது கணக்கு. பொட்டலத்தில் எனக்கு வந்தவற்றில் 1800 என்று அச்சிட்டிருந்தது. எண்ணினேன்: 140 படம். அந்தக் கோபத்தில் தேடிப் பிடித்து, பெட்டி பிரிக்காத கம்பெனி பேட்டரி ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். 210 படம். பிரிக்காத பெட்டிக்குள் அது சும்மா உட்கார்ந்தே பத்து வயது கிழவனாகியிருந்தது. லித்தியம் பேட்டரி பயன்படுத்தாவிட்டாலும் மூப்படையும். பிறகு போன மாதம் வேறொரு தயாரிப்பாளரின் புதுப் பேட்டரி, உறையில் 1000 என்று அடக்கமாகப் போட்டிருந்தது, 320 படம் கொடுத்தது. ஆக, கம்பெனிப் பெயரை விட வயது முக்கியம். அப்புறம், உறையில் எவ்வளவு பெரிய எண் போட்டிருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

பழையதை மேசையில் படுக்க வைத்துச் சுண்டிப் பாருங்கள். பம்பரம் போலச் சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது. அதைக் கேமராவுக்குள் போடாதீர்கள், மாட்டிக்கொண்டால் இடுக்கி கொண்டு இழுக்கவும் செய்யாதீர்கள்.

3 மார்ச்

கடலோரத்துக்காரர்களுக்கு மட்டும். பூஞ்சை வராமலிருக்க அரிசிப் பானையில் கேமராவை வைக்கலாமா என்று கேட்காதீர்கள். என் அம்மா வைத்தார். பாசத்தோடு, ஒரு துணிகூடச் சுற்றாமல். தவிட்டுத் தூசி ஜூம் இடுக்கிலெல்லாம் புகுந்து, ஊதி எடுக்க ஒரு ஞாயிறு போனது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரப்பதம் காட்டும் சின்னக் கடிகாரம். மூன்றும் சேர்ந்து ஐநூறுக்குள் முடிந்துவிடும். முள் 60-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதுதான் உண்மையான துணைப்பொருள், எந்தப் பொட்டலத்திலும் வராது.

16 ஜூன்

சேலத்து சார் ஓய்வு பெற்றுவிட்டார். தாரமங்கலம் படங்களை அனுப்பியிருக்கிறார். ஒரு தூண் சிற்பத்தில் பக்கவெளிச்சம் விரல் நகம் வரை தெரிகிறது. பறவைகளும் அனுப்பியிருக்கிறார், 140 மில்லிமீட்டரில். நான் சொன்னது போலவே வெள்ளைப் புள்ளிகள். ஆனால் முந்நூறு புள்ளிகள் ஒரே நேரத்தில் ஏரியிலிருந்து எழும்புகிற படம் அது. பறவைக்கு இந்தக் கேமரா வேண்டாம் என்று நான் எழுதியதைப் பாதி அடித்துவிடுகிறேன்.

30 ஜூன்

இன்னொன்றையும் அடிக்க வேண்டியிருக்கிறது. நவம்பரில் போலரைசரைக் குப்பை என்று ஒரே வரியில் தள்ளினேன். மாட்டிப் பார்க்காமலே எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொட்டலத்தின் மற்றவற்றைப் பார்த்த எரிச்சல்.

சென்ற வாரம் பாத்தியில் நிற்கும் உப்பு நீரை எடுக்கப் போனபோது வேறு வழியில்லாமல் குழாய் அடாப்டரோடு அதைத் திருகினேன். சுற்றச் சுற்ற நீரின் பளபளப்பு விலகி, அடியில் பூத்துக் கிடந்த உப்புப் படிகங்கள் திரையில் மேலே வந்தன. வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும், பரவாயில்லை, உப்பளத்தில் வெளிச்சத்துக்குப் பஞ்சமா? வ்யூஃபைண்டரில் பார்த்தால் இந்த மாற்றம் தெரியாது, திரையைத்தான் பார்க்க வேண்டும். போட்டி போட்டு விற்கிற மலிவுக் கண்ணாடிதான், ஓரத்தில் கொஞ்சம் மங்கல்தான். இருந்தாலும் அந்தப் படிகங்களை அது இல்லாமல் எடுத்திருக்க முடியாது.

ஆக 14-இல் இரண்டு தேறின: போலரைசர், அதைத் தாங்கும் குழாய். முக்காலியையும் சேர்த்தால் மூன்று. அது இப்போது அடுப்படியில் என் மனைவியின் ஃபோனைத் தாங்கிக்கொண்டு இணையவழித் திருப்புகழ் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

4 ஆகஸ்ட்

வளையத்தைக் காணவில்லை.

அதுதான், குழாய் மாட்டக் கழற்றிய அந்த அலங்கார வளையம். பத்திரமாக வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதியவன் உப்பள வரப்பில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்திருக்கிறேன். படம் எடுக்க அது தேவையில்லை. ஆனால் வளையம் இல்லாத ஜி12 பல்செட் கழற்றிய தாத்தா மாதிரி இருக்கிறது. உப்பு வாரும் அக்காமார்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். 'என்னது, மோதிரமா?' என்று கேட்டார்கள். இல்லை, பிளாஸ்டிக் என்றதும் சுவாரசியம் போய்விட்டது.

8 செப்டம்பர்

வளையம் மட்டும் தனியாக எங்கும் இல்லை. ரிச்சி தெருவில் மூன்று கடையில் கேட்டாயிற்று. ஒருவர் தம்மிடம் இருப்பதாகச் சொன்னார். கேமராவோடு சேர்த்துத்தான் தருவாராம். புதுப்பிக்கப்பட்ட ஜி12, 13,000 ரூபாய், கூடவே 16 சாமான்.

சேலத்து சாருக்கு ஃபோன் செய்து விலை அதிகமா என்று கேட்டேன். யார் திறந்தார், எதை மாற்றினார், பில்லில் சீரியல் எண் இருக்குமா என்று என்னையே கேட்கிறார்.